மஞ்சள் பனியன்காரர் வாங்கிய அடி

மே 2, வெள்ளி

பிரஷர் பார்க்கிற டாக்டரம்மா சொன்னார்: "வாயில வர்றதையெல்லாம் அப்படியே பேசிராதீங்கம்மா. பாதியை எழுதி வைங்க. பிரஷர் இறங்கும்." நான் ஆறாங்கிளாஸோடு நின்றவள். எழுதினால் விரல்தான் வலிக்கும், பிரஷர் எப்படி இறங்கும் என்று கேட்டேன். "இந்தா, இதைத்தான் சொன்னேன்" என்றார்.

சரி, எழுதித் தொலைக்கிறேன். ஊர் கோவில்பட்டி. பெயர் செண்பகவல்லி. ஊர் அம்மன் பெயர், ஊர்க்காரிகளில் பாதிப் பேருக்கு அதே பெயர். கடலை மிட்டாய் கம்பெனியில் பாக்கெட் போடுகிறேன். வீட்டுக்காரர் கனகவேல் மினி பஸ் ஓட்டுகிறார். பகல் முழுக்க ஹாரன் அடித்துவிட்டு வருவதாலோ என்னவோ வீட்டில் சத்தமே வராது. ஒரே மகள் அனுசுயா, ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறாள். வீட்டுக்கு வந்தால் என் ரத்தம்.

அவளுக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. கயத்தாறு. மாப்பிள்ளை கதிரேசனுக்குக் கோயம்புத்தூரில் மோட்டார் கம்பெனி வேலை. சித்திரை பிறந்ததும் அவனும் அவன் அம்மா லீலாவதியும் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பாவுக்கு வாடகைப் பாத்திரக் கடை. அன்றைக்குப் பெரிய முகூர்த்தம், அண்டா குண்டானை விட்டுவிட்டு அவரால் வர முடியவில்லை. வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு நாங்கள் அங்கே போக வேண்டும்.

தரகர் கொண்டுவந்த ஜாதகம்தான். ஆனால் பஜ்ஜித் தட்டை நீட்டுகிறபோது கத்தரிக்காய் பஜ்ஜியை மட்டும் இவள் ஒதுக்கி வைத்தாள். "அவங்களுக்குக் கத்தரிக்கா ஆகாதும்மா." உனக்கு எப்படிடி தெரியும் என்று நான் கேட்கவில்லை. பிரஷர்.

மே 4, ஞாயிறு

கம்பெனிப் பெண்கள் ஒரு வேன் நிறைய சினிமாவுக்குப் போனோம். 'தண்டவாளத் தோட்டா'. முப்பது வருஷத்துக்கு முந்தின படம். நம் ஊர்ப் பக்கம்தான் எடுத்தார்கள். கூட்ஸ் ஷெட் சண்டைக்கு உள்ளூர் ஆட்களை ஒருநாள் கூலிக்குப் பிடித்துப்போய் அடியாள் ஆக்கினார்கள். இப்போது பழைய படத்தைத் துவைத்துக் கஞ்சி போட்டுப் புதுசாக விட்டிருக்கிறார்கள். தியேட்டரில் படம் பார்த்தவர்கள் கொஞ்சம், மாமனையும் சித்தப்பனையும் தேடினவர்கள் அதிகம். "அந்தா, எங்க பெரியப்பா முதுகு!" என்று ஒருத்தர் கத்த, "எந்த முதுகுல?" என்று நாலு பேர் எழுந்து நிற்க, எனக்குத் திரையே தெரியவில்லை.

கதை இதுதான். ஒற்றைக் கண் வில்லன் ரயிலில் குண்டு வைக்கிறான். ஹீரோ 'புயல்' தீபன்ராஜ் அதை எடுக்க வேண்டும். நடுவில் மூன்று பாட்டு.

வெளியே வந்தால் கையில் மைக்கோடு ஒரு பையன், தாடியும் கூலிங் கிளாஸுமாக வழியை மறித்தான். என்னோடு வந்த மாரிக்கனி, "எங்க செம்பகத்துக்கிட்ட கேளுப்பா" என்று என்னைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டாள். தள்ளினது அவள். எழுதி வைக்கிறேன்.

"படம் எப்படிக்கா?"

"குண்டு வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சும் மூணு பாட்டுப் பாடுதாரு. குண்டுக்கே பொறுமை போயிருக்கும்."

"சண்டையெல்லாம்?"

"சண்டை அருமை. அதுலயும் கூட்ஸ் ஷெட்டுல ஒருத்தரு மஞ்சப் பனியன் போட்டு ஓடி வாராரு பாத்தியா? ஹீரோ கையை ஓங்கத்தான் செஞ்சாரு. அதுக்குள்ள இவரு போய்ப் படுத்துட்டாரு. பாவம், காலைல வீட்டுல ஒண்ணும் பொங்கல போல. ஹீரோ கைக்கும் இவரு மூஞ்சிக்கும் நடுவுல எங்க வீட்டுக்காரரு மினி பஸ்ஸ ஒரே ஒடியில திருப்பிருவாரு!"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அந்தப் பையனுக்கு மைக் ஆடியது. எனக்கும் மனசு கொஞ்சம் குளிர்ந்துதான் போயிற்று.

மே 6, செவ்வாய்

வீடியோ வந்துவிட்டதாம். கம்பெனியில் பாகு காய்ச்சுகிறவர் முதல் கணக்குப்பிள்ளை வரை ஆளுக்கொரு தடவை எனக்கே போட்டுக் காட்டுகிறார்கள். நான் பேசினதை எனக்குக் காட்டி, "எப்படி?" என்கிறார்கள்.

வீட்டுக்காரர் பஸ்ஸிலும் அதே தொல்லையாம். வளைவு வந்தால் பின்சீட்டுக்காரர்கள், "டிரைவரே, ஹீரோ கைக்கும் மூஞ்சிக்கும் நடுவுல திருப்புங்க" என்கிறார்களாம். அவர் இதைச் சொல்லிவிட்டு, ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, படுத்துவிட்டார். கோபமா, சிரிப்பா? இந்த மனிதருக்கு ஒரு மீட்டர் வைத்திருந்தால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

மே 7, புதன்

வீடியோவுக்குக் கீழே ஜனங்கள் எழுதுகிற அபிப்பிராயத்தை நான் பார்ப்பதில்லை. அனுசுயா போன் சும்மா கிடந்ததால் கண்ணில் பட்டது.

'மினி பஸ் ஆயா வெறித்தனம்.'

'தலைவர் படத்தைக் கிண்டல் பண்ண நீ யாரு ஆயா?'

'எங்க அப்பா இந்தப் படத்துக்காகப் பரீட்சைக்குப் போகாமல் ஃபெயில் ஆனவர். அவர் மனசு நொந்தால் உன்னைச் சும்மா விடாது.'

'இப்ப வர்ற படத்துக்கு இது எவ்வளவோ தேவலாம். இதுல இருட்டு இல்ல, யாரு யாரை அடிக்காங்கன்னாவது தெரியும்.'

'ரயில் சத்தத்துக்காகவே நான் பத்து தடவை பார்ப்பேன்.'

'மஞ்சள் பனியன் அண்ணனை யாராவது கண்டுபிடிச்சுச் சோறு போடுங்கப்பா.'

'ஆயா கட்டியிருக்கிற சேலை எந்தக் கடை?'

சேலையைக் கேட்டவள் ஒருத்திதான் மனுஷி.

மே 8, வியாழன்

ஆயாவாம். எனக்கு நாற்பத்தொன்பது.

மே 11, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை. எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

கயத்தாறுக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், அதோடு சரி. இலை போட்டு உட்கார்ந்து கையை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, பெண் கொடுத்தாச்சு என்று அர்த்தம். வீடு பிடித்திருந்தது. லீலாவதி மதினி பிடித்திருந்தது. மாப்பிள்ளை கத்தரிக்காய் தின்னாவிட்டால் போகிறான். "அப்ப கை நனைச்சிருவமா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. ஆவுடையப்பன் அண்ணாச்சி. வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, சிரித்தால் முன்பல் ஒன்று இல்லை. எங்கள் வீட்டுக்காரரே வாய்திறந்து, "சரி அத்தான்" என்றுவிட்டார். அவர் அத்தான் போட்டால் அது ரிஜிஸ்தர் ஆபீஸ் முத்திரை மாதிரி.

கூடத்தில் வரிசையாக இலை போட்டார்கள். உட்காரப் போகையில் சுவரில் ஒரு படம். கண்ணாடிச் சட்டம், அதைச் சுற்றி மாலை மாதிரி சின்னச் சின்ன பல்பு. தீபன்ராஜ் ஒரு வாலிபனின் தோளில் கை போட்டு நிற்கிறார். வாலிபன் மஞ்சள் பனியன்.

அனுசுயா என் இடுப்பைக் கிள்ளினாள். மாப்பிள்ளைப் பையன் முகம் சுண்ணாம்பு. அப்போதுதான் தெரிந்தது, இது பிள்ளைகள் இரண்டுக்கும் முன்னமே தெரியும். சேர்ந்து மறைத்திருக்கிறதுகள்.

லீலாவதி மதினிக்கு ஒன்றும் தெரியாது. பெருமையாகச் சொல்கிறார்: "இவுக படத்துல நடிச்சிருக்காக மதினி! புயல் கையால அடி வாங்குனவுக. அந்தப் பல்லு அதுலதான் போச்சு. என்னையப் பொண்ணு கேட்டு வந்தப்ப பொக்கைப் பல்லு மாப்பிள்ளை வேண்டாம்னு எங்கய்யா எந்திரிச்சுட்டாரு. தீபன்ராஜ் அடிச்ச பல்லுன்னு சொன்ன பொறவுதான் உக்காந்தாரு. அந்தப் பல்ல நம்பித்தான் என்னையக் குடுத்தாக!"

நான் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் இல்லை. அது போதாதா கடவுளுக்கு? போதவில்லை. அண்ணாச்சியின் தம்பி சோமு எதிர் இலையில் இருந்துகொண்டு என்னையே பார்த்தார்.

"அக்கா, ஒங்கள எங்கயோ பாத்திருக்கேனே?"

"கோயில்ல பாத்திருப்பீங்க."

"கோயில் இல்ல. போன்ல. இருங்க, இருங்க…"

முழுச் சத்தத்தில் வைத்துவிட்டார். 'பாவம், காலைல வீட்டுல ஒண்ணும் பொங்கல போல.' என் குரல் அந்தக் கூடத்தில் சுவர் சுவராக முட்டிக்கொண்டு ஓடியது. மினி பஸ் திரும்புகிற இடத்தில் சோமு தன்னை மறந்து சிரித்தும் விட்டார்.

அண்ணாச்சி கையில் பருப்பு வாளியோடு நின்று கடைசி வரைக்கும் கேட்டார். பருப்பு யார் இலையிலும் விழவில்லை. வாளியைக் கீழே வைத்தார்.

"இன்னைக்கு நாள் சரியில்ல போல" என்றார் மெதுவாக. "இன்னொரு நாளைக்குக் கை நனைச்சுக்கிடலாம்."

காலி இலைகளை மதினி ஒவ்வொன்றாக மடித்தார். அந்தச் சத்தம் இருக்கிறதே, பச்சை இலை மடிகிற சத்தம்.

பஸ்ஸுக்கு நிற்கையில் வீட்டுக்காரர் சொன்னார்: "ஒன் வாயில மினி பஸ் என்னட்டி, டேங்கர் லாரியே திரும்பும்." கல்யாணமான நாளிலிருந்து அவர் அடித்த முதல் நக்கல். அதற்கு இன்றைக்குத்தானா நாள் கிடைத்தது?

மே 12, திங்கள்

அனுசுயா பேசவில்லை. லேபுக்குப் போகும்போது ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நல்லவேளை, நான் அவளுடைய பேஷண்ட் இல்லை.

நான் ஒன்றும் வேண்டுமென்று செய்யவில்லை. திரையில் ஆயிரம் பேர் ஓடுகிறான். எவன் எனக்குச் சம்பந்தி ஆவான் என்று சட்டையில் எழுதியா ஒட்டியிருக்கிறது?

மே 14, புதன்

மைக்குக்காரப் பையனைத் தேடிப் பிடித்துப் போனில் பேசினேன்.

"தம்பி, அந்த வீடியோவை எடுத்துரு."

"எதுக்குக்கா எடுக்கணும்? செம்மையா ஓடுது. மஞ்சப் பனியனுக்கு ரசிகர் மன்றமே வச்சுட்டாங்க. நீங்க ரெண்டாம் பாகம் ஒண்ணு குடுங்கக்கா. வில்லனோட கண்ணைப் பத்திச் சொல்லுங்க."

"ஒன் கண்ணைப் பத்திச் சொல்லுதேன், வா. எம் பொண்ணு கல்யாணம் நிக்குதுடா!"

"அய்யய்யோ. அதையே ஒரு வீடியோவாப் போடலாமாக்கா?"

போனை வைத்துவிட்டேன். இன்றைக்கு இரண்டு மாத்திரை.

மே 15, வியாழன்

மாரிக்கனியை இழுத்துக்கொண்டு மறுபடி படத்துக்குப் போனேன். ஒருவேளை அந்த அடி பட்டிருந்தால்? நான்தான் சரியாகப் பார்க்கவில்லையென்றால்? பட்டிருந்தால் ஓடிப்போய் அண்ணாச்சி காலில் விழுந்துவிடலாம்.

கூட்ஸ் ஷெட் வந்ததும் தியேட்டரே எழுந்துவிட்டது. தீபன்ராஜுக்கு இல்லை. மஞ்சள் பனியன் தலைகாட்டியதும் பேப்பர் கிழித்துப் போடுகிறார்கள். அவர் விழுந்ததும் ஒட்டுமொத்தமாக, "மினி பஸ் திரும்பும்!" என்று கத்துகிறார்கள். காலேஜ் பையன்கள், குழந்தையைத் தோளில் போட்ட தகப்பன்கள், பாப்கார்ன் விற்கிறவன் உட்பட.

"ஏய், வாயை மூடுங்கடா! ஒரு பெரிய மனுசரை இப்படியா பேசுறது?" என்று நான் எழுந்து கத்தினேன்.

முன்வரிசைக்காரன் திரும்பிப் பார்த்தான். "டேய், ஆயாடா! மினி பஸ் ஆயா!"

அவ்வளவுதான். என்னோடு போட்டோ எடுக்க வரிசை நின்றுவிட்டது. நான் திட்டத் திட்ட, "இதையும் சொல்லுங்க ஆயா" என்கிறார்கள். என் வாயிலிருந்து போன வார்த்தைதான், கூப்பிட்டால் திரும்பி வர மாட்டேன் என்கிறது.

இதையும் எழுதிவிடுகிறேன். நன்றாகப் பார்த்தேன். கைக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு சாண் இருக்கிறது.

மே 17, சனி

கம்பெனி விடுகிற நேரம். கையெல்லாம் வெல்லப் பசை. கழுவிக்கொண்டிருந்தபோது மாரிக்கனி வந்து, "ஏட்டி, ஒன்னையத் தேடி ஒரு பெரியவரு நிக்காரு" என்றாள்.

வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு ஆவுடையப்பன் அண்ணாச்சி. வேட்டி கசங்கியிருந்தது. திருநீறு இல்லை. நான் ஈரக் கையோடே கும்பிட்டேன்.

"அண்ணாச்சி, நான் வாய் தவறி…"

"அதுக்கு வரல தங்கச்சி." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுல நிம்மதி இல்ல. சோமு அந்தச் சண்டையை போன்ல நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டுதான். பட்டுச்சுங்கான் ஒருத்தன், படலங்கான் ஒருத்தன். லீலாவதி என்கிட்ட ஒண்ணும் கேக்கல. சோறு வைக்கா, தண்ணி வைக்கா, மூஞ்சியப் பாக்க மாட்டேங்கா."

நான் ஈரக் கையை முந்தானையில் துடைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும். அந்தச் சண்டையில நாங்க இருவது முப்பது பேரு. எத்தன பேருக்கு நான் அதைப் போட்டுக் காட்டியிருப்பேன்! 'இந்தா வாரேன், இந்தா இதுதான் நான்'னு விரல நீட்டுறதுக்குள்ள போயிரும். எங்க, எங்கம்பாங்க. இத்தன வருசத்துல ஒருத்தரும் தானாப் பாத்தது கிடையாது. நீங்க எப்படிப் பாத்தீங்க?"

பனியன் கலர் அப்படி, கண்ணைக் குத்துச்சு என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"மத்தவனெல்லாம் கேமராவைப் பாத்துக்கிட்டே ஓடி வந்தான் அண்ணாச்சி. நீங்க ஒருத்தர்தான் அவரு கையைப் பாத்து ஓடி வந்தீங்க. நெஜமா அடி விழப்போவுதுன்னு நம்பி வந்தீங்க. அதான் கண்ணு ஒங்க மேலயே போச்சு."

அவர் வண்டியின் ஹாண்டிலைத் தடவினார்.

"நம்பாம? எவ்வளவு பெரிய கை! காத்து பட்டுச்சு தங்கச்சி. இந்தா, இந்தக் காது மடல்ல. இப்பவும் இருக்கு." காதைத் தொட்டுக் காட்டினார். பிறகு, "பல்லு வந்து…" என்று ஆரம்பித்தார்.

"பல்லைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலையே அண்ணாச்சி."

என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஓடிப்போய் உடைசல் மிட்டாய் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து நீட்டினேன். கையை நீட்டப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

"கை நனைச்ச மாதிரி ஆயிராதா?"

"மிட்டாய்ல ஏது அண்ணாச்சி ஈரம்?"

ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, பல் இல்லாத பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கமாகக் கடித்தார். வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு நாள் நல்லா இருக்கு, வாங்க என்றார். மதினி கூப்பிடச் சொன்னாங்களா என்று கேட்டேன். "அவதான் கூப்பிட்டு வரச் சொன்னா" என்றார். "அவளுக்கு ஒங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம்."

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஏப்பம் ஏப்பமாக வருகிறது.

மே 19, திங்கள்

அனுசுயா இன்று என்னிடம் பேசினாள். "உப்பு இல்ல." குழம்பைச் சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன்.

மே 22, வியாழன்

போதும் போதும் என்றாகிவிட்டது. மதினி என்ன கேட்பார், நான் என்ன சொல்ல வேண்டும் என்று ஊரே எனக்குப் பாடம் எடுக்கிறது. "உண்மையைச் சொல்லிரு, பின்னால தெரிஞ்சா பொண்ணு வாழ்க்கை" என்கிறாள் மாரிக்கனி. வீட்டுக்காரரைக் கேட்டேன். "நீ ஒண்ணுமே சொல்லாத" என்றார். அது அவருக்கு முடியும்.

அனுசுயா இருட்டினபிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, அவங்க அப்பாவை அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்மா. சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காங்களாம், எங்க அப்பா புயல்கிட்ட அடி வாங்குனவருன்னு."

"அவங்கன்னா யாருட்டி?" என்றேன்.

எழுந்து போய்விட்டாள். கிண்டல் பண்ண எனக்கு நேரம் காலமே தெரிவதில்லை.

மே 25, ஞாயிறு

மறுபடியும் கயத்தாறு. மறுபடியும் கூடம். மறுபடியும் அந்த மாலை பல்பு. இந்தத் தடவை சொந்தக்காரர் கூட்டம் வேறு. மதினியின் அண்ணன்மார் இரண்டு பேர் மீசையோடு உட்கார்ந்திருந்தார்கள். இலை இன்னும் போடவில்லை. அண்ணாச்சி தூணோரம் நின்றார், உட்காரவில்லை.

லீலாவதி மதினி எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"மதினி, நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன். எங்க வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க. இவுகளக் கேட்டா இவுக சொன்னதையேதான் சொல்லுவாக. சோமு சொன்னா அவன் அண்ணனை மட்டந்தட்டச் சொல்லுவான். ஒங்களுக்கு இவுக யாருன்னே தெரியாம பாத்திருக்கீங்க. நீங்க சொல்லுங்க. அந்த அடி பட்டுச்சா, படலையா?"

சோமு போனை எடுத்துக்கொண்டு முன்னால் நகர்ந்தார். "இந்தா மதினி, மெதுவா ஓட விட்டு வச்சிருக்கேன்…"

"அதை உள்ள வைங்க. போன்ல என்ன தெரியும்? நான் பெரிய திரையில ரெண்டு தடவை பாத்தவ."

மாப்பிள்ளைப் பையன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அனுசுயா தரையைப் பார்க்கிறாள். அண்ணாச்சி யாரையும் பார்க்கவில்லை. காது மடலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பட்டுச்சு மதினி" என்றேன்.

"அப்ப அன்னைக்கு மினி பஸ் திரும்பும்னு…?"

"நாலு பேரு சிரிக்கணும்னு சொன்னது. மைக்கை நீட்டுனா எனக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேக்காது. என் வாயில வர்றது பாதி பொய்யி. எங்க கம்பெனியில யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, செம்பகம் சொன்னா மூணுல ஒண்ணைக் கழிச்சுக்கிடும்பாங்க."

"செண்பகவல்லி அம்மன் மேல சத்தியமாவா?"

"எனக்கே அந்தப் பேரு. எம் மேல நானே எப்படி மதினி அடிச்சுச் சத்தியம் பண்ணுறது?"

மீசை அண்ணன்மாரில் ஒருத்தர் 'புக்'கென்று சிரித்தார். மதினி சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார், ரொம்ப நேரம். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றியது. பிறகு எழுந்தார். அண்ணாச்சியிடம் போய், "என்ன தூணப் புடிச்சுக்கிட்டு நிக்கீக? எலையைப் போடுங்க. பொண்ணு வீட்டுக்காரங்க எம்புட்டு நேரம் பசியோட இருப்பாங்க?" என்றார். ரெண்டு வாரத்துக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்துப் பேசினது அதுதான் என்று பின்னால் மாப்பிள்ளை சொன்னான்.

அண்ணாச்சியே பரிமாறினார். என் இலையில் பருப்பு ஊற்றும்போது வாளியையே சாய்த்துவிட்டார், சோறெல்லாம் பருப்பாகிவிட்டது. "போதும் அண்ணாச்சி, நீச்சல் அடிக்கவா?" என்றேன். அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

கை நனைத்தாயிற்று.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அனுசுயா என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"அம்மா, நெஜமாவே பட்டுச்சா?"

"பட்டுச்சுட்டி."

"மாரிக்கனி அக்காகிட்ட ஒரு சாணுன்னு சொன்னியாமே?"

"பட்டுச்சுன்னா பட்டுச்சு. ஜன்னலச் சாத்து, காத்து அடிக்கு."

மே 28, புதன்

மைக்குக்காரப் பையன் விடாமல் கூப்பிட்டதால் திங்களன்று ஒரு நிமிஷம் பேசிக் கொடுத்தேன். அந்த அடி பட்டது, நான் அன்றைக்குச் சொன்னது தப்பு, மஞ்சள் பனியன்காரர் நல்ல நடிகர், எல்லாரும் போய்ப் பாருங்கள் என்று.

ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை. பழைய மாதிரி இல்லை என்கிறார்கள். காசு வாங்கிவிட்டேன் என்கிறார்கள். சேலையைக் கேட்டவள்கூட ஒன்றும் எழுதவில்லை. இரண்டு நாளில் எல்லாரும் வேறு யாரையோ பிடித்துக்கொண்டார்கள். நிம்மதி. ரொம்ப நிம்மதி. இன்று நாலு தடவைதான் பார்த்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

நிச்சயதார்த்தம். ஆவணியில் கல்யாணம் என்று முடிவு. தட்டு மாற்றி, பாக்கு வெற்றிலை மாற்றி, பெண்ணுக்குப் பூ வைத்து, எல்லாம் குறையில்லாமல் நடந்தது. அனுசுயா அழவில்லை. நானும் அழவில்லை. கேசரியில் ஏலக்காய் தூக்கல், அதில் கண் கரித்தது.

சாப்பிட்ட பிறகு ஆண்கள் எல்லாம் அண்ணாச்சியைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். திருநீறு பழையபடி நெற்றி நிறைய. வேட்டி சலவை. கை ஓங்குகிறது, காற்றில் குத்துகிறது, தலை பின்னால் போகிறது. வீட்டுக்காரர்கூட வாய் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனேன்.

"முதல் அடியிலயே நான் விழல பாத்துக்கிடுங்க" என்கிறார் அண்ணாச்சி. "தாங்கி நின்னேன். புயலே அசந்துட்டாரு. பொறவு ரெண்டாவது ஒண்ணு விட்டாரு பாருங்க, அதுலதான் பல்லு போச்சு."

"ரெண்டு அடியா?" என்றார் மீசைக்காரர். "படத்துல ஒண்ணுதான மாப்ள இருக்கு?"

"ஒண்ணை வெட்டிட்டாங்க மச்சான். சந்தேகம்னா, இந்தா, எந்தங்கச்சி நிக்கி. பெரிய திரையில பாத்தது. அதைக் கேளுங்க."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பெண்கள் பக்கமிருந்து லீலாவதி மதினியும் திரும்பினார். அவர் பக்கத்தில் தலை நிறையப் பூவோடு என் மகள்.

வெட்டி எடுத்த அடியை நான் எந்தத் திரையில் அண்ணாச்சி பார்த்தேன்? கேட்கலாம். வாய் நிறைய வந்தது.

"ரெண்டுதான்" என்றேன். "ரெண்டாவது கொஞ்சம் பலமா விழுந்துச்சு."

ஆவணிக்கு இன்னும் நாள் கிடக்கிறது. அதற்குள் இந்த மனிதர் எப்படியும் அஞ்சு அடியாவது வாங்கிவிடுவார். அத்தனைக்கும் நான் ஒருத்திதான் சாட்சி.